கடைசி அடி அக்காவுக்கே!

கம்ப்யூட்டர் கேம் என்றாலே பிள்ளைகளைக் கெடுக்கும் சமாச்சாரம் என்று நினைக்கும் பெற்றோர்கள் தயவு செய்து இந்தப் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம், கேமை எப்படி வேகமாக ஓட வைக்கலாம் என்பது பற்றி இந்த முறை நான் எழுதப் போவதில்லை. எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நடந்த சண்டையைப் பற்றி எழுதப் போகிறேன். சண்டை கேமுக்குள் அல்ல, கம்ப்யூட்டருக்கு வெளியே.

விஷயம் இதுதான். ஒரு கேமில் அக்கா, தம்பி என்று இரண்டு ஹீரோக்கள். எதிரே ஒரு அசுரன். கடைசி அடியை யார் கொடுக்க வேண்டும்?

இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று கேட்பீர்கள். நான் இருப்பது வெம்பக்கோட்டை. சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் டி.டி.பி. வேலை. பட்டாசுப் பெட்டி மேல் ஒட்டுகிற லேபிளை போட்டோஷாப்பிலும் கோரல்டிராவிலும் டிசைன் செய்வதுதான் பிழைப்பு. எந்தச் சாமி, எந்த கார்ட்டூன் ஹீரோ, கையில் என்ன ஆயுதம், எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதெல்லாம் எங்களுக்கு தினசரிக் கவலை. தவிர, எங்கள் தாலுகாவில் ஏகப்பட்ட வீடுகளுக்குச் சோறு போடுவது பட்டாசு. அந்தப் பட்டாசு வெடிப்பது ஒரு அசுரன் செத்த நாளுக்காக. ஆகவே அசுரனைக் கொன்றது யார் என்ற கேள்வியில் எங்கள் ஊருக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

கேமின் பெயர் ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’. புனேயில் உள்ள நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சின்னக் கம்பெனி உருவாக்கியது. 2017-ல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் பொதுமக்களிடம் பணம் திரட்டப் பார்த்தார்கள். தேவையான தொகை சேரவில்லை. ஆனாலும் விடாமல் வேலை செய்து, 2020 ஆகஸ்டில் நின்டெண்டோ ஸ்விட்ச்சிலும், அதே வருடம் அக்டோபரில் கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றிலும் வெளியிட்டார்கள். அந்த வருட ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த முதல் படைப்புக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம் பிடித்தது. பரிசு வேறு கேமுக்குப் போய்விட்டது. அதனால் என்ன, நம் நாட்டுக் கோட்டை, நம் நாட்டு அசுரன், நம் நாட்டுப் பெண் பிள்ளை என்று ஒரு கேம் அந்த மேடை வரை போனதே பெரிய சங்கதி.

கதை எளிமையானது. ராஜியும் அவள் தம்பி கோலுவும் அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள். சர்க்கஸில் வித்தை காட்டிப் பிழைக்கிறார்கள். அசுரர்கள் படையெடுத்து வந்து ஊரில் உள்ள பிள்ளைகளைத் தூக்கிக் கொண்டு போகிறார்கள். கோலுவும் போய் விடுகிறான். தம்பியைத் தேடி அக்கா கிளம்புகிறாள். துர்க்கையின் அருளால் அவளுக்குத் திரிசூலம் கிடைக்கிறது, விஷ்ணுவின் சாரங்க வில் கிடைக்கிறது. கதையை நமக்குச் சொல்லிக் கொண்டே வருவதும் துர்க்கையும் விஷ்ணுவும்தான். சுவரில் ஓடுவது, தூணைப் பிடித்துச் சுழன்று உதைப்பது என்று சர்க்கஸ்காரப் பிள்ளை செய்யும் வித்தை எல்லாம் உண்டு. இடையிடையே கதை நிழல் பொம்மலாட்டமாக வருகிறது. தோல்பாவைக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த இடங்கள் மிகவும் பிடிக்கும். அசுரர்களின் தலைவன் பெயர் மகாபலாசுரன்.

ஒரே குறை, முடிவு. நாடகத்தில் பாதியில் திரை விழுந்த மாதிரி சட்டென்று முடித்து விட்டார்கள். விமர்சனம் எழுதியவர்கள் பலரும் இதைச் சொன்னார்கள். என் மகன் அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை.

பிறகு 2025-ல் இரண்டாம் பாகத்தை அறிவித்தார்கள். பெயர் ‘ராஜி: கலியுகா’. இதில் ராஜியாக மட்டும் அல்ல, தம்பியாகவும் ஆடலாம் என்றார்கள். அறிவிப்பு வீடியோவைப் பார்த்த ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் வீட்டில் சண்டை தொடங்கியது.

என் மகளுக்கு 15 வயது, மகனுக்கு 12. மகள் ராஜி பக்கம் நிற்பாள், மகன் தம்பி பக்கம் நிற்பான் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். நடந்தது நேர் எதிர்.

மகன் சொன்னான், “ராஜிதாம்ப்பா. திரிசூலம் அவகிட்டதான இருக்கு. நான் அவளா ஆடித்தான இவ்வளவு தூரம் வந்தேன்?”

மகள் ஒத்துக் கொள்ளவில்லை. “முதல் பாகம் முழுக்க அவதான ஓடுனா, அவதான விழுந்தா, அவதான அடி வாங்குனா? இவன் என்ன செஞ்சான்? இந்தத் தடவை இவன் வேலை பாக்கட்டும். எல்லாத்தையும் அக்காவே செய்யணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?”

காலையில் யார் தண்ணீர் பிடிப்பது என்ற பழைய வழக்கும் இதற்குள் கலந்திருக்கிறது என்பது தெரிந்தாலும், அவள் சொன்னதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரையே அதற்கான பதில் என்று வைத்துக் கொள்ளலாம்.

வேறு கேம்களில் என்ன செய்தார்கள்?

எங்கள் தலைமுறைக்கு வில்லனைக் கொல்லும் கேம் என்றால் ‘பிரின்ஸ் ஆப் பெர்சியா’தான். 2005, 2006 வாக்கில் வேலை முடிந்த பிறகு ராத்திரி பிரஸ்ஸிலேயே உட்கார்ந்து ஆடுவோம். பென்டியம் 4, 256 எம்.பி. ராம். மெஷின் ரூமில் லேபிள் ஓடிக் கொண்டிருக்கும், இங்கே இளவரசன் ஓடிக் கொண்டிருப்பான். 2004-ல் வந்த ‘வாரியர் விதின்’ பாகத்தை முட்டி மோதி முடித்தோம். அதில் கைலீனா என்ற காலத்தின் ராணியை இளவரசன் கொன்று விடுகிறான், கதை முடிகிறது. அடுத்து 2005-ல் வந்த ‘தி டூ த்ரோன்ஸ்’ சிடியைப் போட்டோம். ஆரம்பக் காட்சியிலேயே அதே கைலீனா இளவரசனோடு கப்பலில் பாபிலோனுக்கு வந்து கொண்டிருக்கிறாள்! சிடி மாறி வந்து விட்டதோ என்று கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

பிறகுதான் தெரிந்தது. ‘வாரியர் விதின்’ கேமுக்கு இரண்டு முடிவுகள். ஒளித்து வைத்த சக்திகளை எல்லாம் தேடி எடுத்து, தண்ணீர் வாளையும் வாங்கி வைத்திருந்தால், கைலீனாவைக் கொல்ல வேண்டியதில்லை. அவனைத் துரத்தி வந்த தஹாகா என்ற பூதத்தோடு மோதி அதை வீழ்த்தலாம். அடுத்த பாகத்தின் கதையை எழுதியவர்கள் அந்த இரண்டாவது முடிவைத்தான் ‘உண்மையில் நடந்தது’ என்று எடுத்துக் கொண்டார்கள். நாங்கள் ராத்திரி ராத்திரியாகக் கண் விழித்து முடித்த முடிவு செல்லாத நோட்டாகி விட்டது.

ஒரு கேமுக்கு இரண்டாம் பாகம் வரும்போது இந்தத் தலைவலி எப்போதும் உண்டு. முதல் பாகத்தில் பல ஹீரோக்களைக் கொடுத்து, இஷ்டப்பட்டவரை எடுத்துக் கொள் என்று சொல்லி விடலாம். இரண்டாம் பாகத்தில் யாரோ ஒருவர்தான் வில்லனை வென்றதாகக் கதை தொடங்க முடியும். ‘டயாப்லோ’ முதல் பாகத்தில் போர்வீரன், வில் எய்யும் பெண், மந்திரவாதி என்று மூன்று பேர். மூவரில் யாராக ஆடினாலும் கடைசியில் டயாப்லோவை வீழ்த்தலாம். 2000-ல் ‘டயாப்லோ 2’ வந்தபோது போர்வீரன்தான் வென்றவன் என்று ஆக்கி விட்டார்கள். அவனும் சுகமாக இல்லை. அரக்கனின் ஆவியைத் தன் உடம்பில் அடக்கி வைக்கப் பார்த்து, கடைசியில் அவனே அரக்கனாகிப் போகிறான். மற்ற இருவரும் கெட்டுப் போய் வழியில் எதிரிகளாக வந்து நிற்கிறார்கள். முதல் பாகத்தில் ஆசையாக வளர்த்த வில்லாளிப் பெண்ணை இரண்டாம் பாகத்தில் நாமே கொல்ல வேண்டும். கேட்கவே சங்கடமாக இருக்கிறது அல்லவா? ஆனால் தைரியமான முடிவு என்று ஒத்துக் கொள்ளத்தான் வேண்டும்.

‘இந்தக் கடைசி அடி யாருடையது’ என்ற கேள்வியையே கதையின் நடு முடிச்சாக வைத்த கேம், 2009-ல் கனடாவின் பயோவேர் கம்பெனி வெளியிட்ட ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’. அதில் பெரிய டிராகனை கிரே வார்டன் என்ற கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர்தான் கொல்ல முடியும். கொல்பவர் அதோடு சேர்ந்து செத்து விடுவார். நீங்கள் சாகிறீர்களா, கூடவே வந்த நண்பன் அலிஸ்டரை அனுப்புகிறீர்களா, முன்பு துரோகம் செய்து இப்போது திருந்தி வந்த லோகெய்னை அனுப்புகிறீர்களா? யாருமே சாகாமல் தப்ப ஒரு மந்திரச் சடங்கும் இருக்கிறது, ஆனால் அதற்கு வேறு விலை கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் மவுஸைக் கையில் வைத்துக் கொண்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வேறு எந்த கேமும் என்னை அப்படி உட்கார வைத்தது கிடையாது.

அப்படியானால் ராஜியிலும் அதே மாதிரி, அக்காவா தம்பியா என்று ஆடுபவரையே கேட்டு விட்டால் தீர்ந்தது என்பீர்கள். என் மகனும் அதைத்தான் சொன்னான். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கேள்விக்கு இரண்டு பதில் என்றால் கதைக்கு இரண்டு கிளை. அதேபோல் மூன்று கேள்வி என்றால் எட்டு. பத்து கேள்வி என்றால் 1024. ஒவ்வொரு முடிவுக்கும் தனியாக அனிமேஷன், தனியாகக் குரல், தனியாக டெஸ்டிங். பயோவேர் போன்ற பெரிய கம்பெனி, அடுத்த பாகம் உங்கள் பழைய சேவ் பைலைப் படித்துக் கதையைத் தொடரும்படி செய்தது. 2014-ல் வந்த ‘இன்க்விசிஷன்’ பாகத்துக்கு, பழைய முடிவுகளைக் குறித்துக் கொடுக்கத் தனியாக ஒரு இணையதளமே நடத்தினார்கள். புனேயில் கைக்காசைப் போட்டுப் பாடுபடுகிறவர்களிடம் அதைக் கேட்பது நியாயம் இல்லை.

பணம் மட்டும் காரணம் இல்லை. ‘உனக்குப் பிடித்தவரைத் தேர்ந்தெடு’ என்பது பல சமயம் கதை எழுதுபவர் நழுவுகிற வழி. அவருக்கு என்று ஒரு தீர்ப்பு வேண்டும்.

வரமும் புரோகிராமும்

நம் புராணங்களில் கடைசி அடி யாருக்கு என்பதை ஹீரோவின் பலம் தீர்மானிப்பதே இல்லை. வில்லன் வாங்கிய வரம்தான் தீர்மானிக்கிறது. புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள் இரணியன் கேட்ட வரத்தை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். மனிதனாலும் கூடாது, மிருகத்தாலும் கூடாது. பகலிலும் கூடாது, இரவிலும் கூடாது. உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது. சுத்தமான ‘இஃப் - எல்ஸ்’ பட்டியல்! எல்லாவற்றையும் அடைத்து விட்டதாக நினைத்தான். அந்தியை விட்டு விட்டான், வாசற்படியை விட்டு விட்டான். நரசிம்மம் அந்த ஓட்டை வழியாகத்தான் வந்தது. ராவணன் தேவரையும் அசுரரையும் பட்டியலில் சேர்த்தான், மனிதனைச் சேர்க்கவில்லை. மகிஷன் ஆணால் சாவு வரக் கூடாது என்று கேட்டான், பெண்ணை மறந்தான். அப்புறம் துர்க்கை வந்தாள். சிவன் சூலத்தைக் கொடுத்தார், விஷ்ணு சக்கரத்தைக் கொடுத்தார், ஆளுக்கு ஒரு ஆயுதம். ராஜி கேமில் ஒவ்வொரு ஆயுதமாகச் சேர்த்துக் கொண்டு போகிறோமே, அது இந்தக் கதையின் அமைப்புதான்.

இனி எங்கள் ஊருக்குச் சோறு போடும் நரகாசுரன் விஷயத்துக்கு வருகிறேன். பாகவதத்தில் கண்ணன் சக்கரத்தால் அவனைக் கொல்கிறான். சத்தியபாமா கூட இருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் நம் பக்கம் பாட்டிமார் சொல்லும் கதை வேறு. பெற்ற தாயின் கையால் மட்டுமே சாவு என்று அவன் வரம் வாங்கியிருக்கிறான். தாய் பூமாதேவி. அவளே சத்தியபாமாவாகப் பிறந்திருக்கிறாள். கண்ணன் அடிபட்டு மயங்கி விழ, சத்தியபாமா அம்பு விடுகிறாள். ஒரே கதைக்கு இரண்டு முடிவுகள், ‘வாரியர் விதின்’ போலவே! மக்கள் இரண்டாவது முடிவைத்தான் விரும்பிச் சொல்கிறார்கள். அதில் அடி கொடுக்கும் கைக்கும் அடி வாங்குபவனுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது.

ஆனால் லேபிளில் பாருங்கள். கண்ணன், முருகன், நடிகர், சோட்டா பீம் வரை எத்தனையோ பேரை வரைந்து கொடுத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் சத்தியபாமாவைப் போடச் சொல்லி ஒரு முதலாளியும் என்னிடம் கேட்டது இல்லை. நானாகவும் போட்டது இல்லை. வில்லும் கையுமாக ஒரு பெண் சங்குசக்கரப் பெட்டியில் எவ்வளவு எடுப்பாக இருப்பாள்! இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

அந்த சம்பந்தம் என்ற அளவுகோலை எடுத்துக் கொண்டால் பிரின்ஸ் ஆப் பெர்சியாவிலேயே ஒரு குறை தெரியும். அந்த வசீர் யாருக்குத் துரோகம் செய்தான்? இந்தியாவின் மகாராஜாவுக்கு. அந்த மகாராஜாவின் மகள்தான் ஃபாரா. கணக்கு பாக்கி இருப்பது அவளுக்கு. ஆனால் முதல் பாகத்திலும் சரி, ‘தி டூ த்ரோன்ஸ்’ முடிவிலும் சரி, வசீரைக் குத்துவது இளவரசன்தான். ஃபாரா வழியில் அம்பு விட்டு உதவி செய்வதோடு சரி. 2005-ல் எனக்கு இது கண்ணில் படவே இல்லை.

ராஜி கதையில் கணக்கு பாக்கி யாருக்கு? என் மகள் கட்சி இங்கே வலுவாக இருக்கிறது. தூக்கிக் கொண்டு போகப்பட்டவன் தம்பி. அடைபட்டுக் கிடந்தவன் தம்பி. கோபம் அவனுக்குத்தான் வர வேண்டும். கடத்தப்பட்ட பிள்ளை, மீட்டு வரப்பட்ட சாமானாக மட்டும் நிற்காமல் திருப்பி அடிப்பது நல்ல முடிவுதானே? நானும் ஒரு வாரம் அவள் பக்கம்தான் இருந்தேன். என் மனதை மாற்றியது என் அக்கா.

எங்கள் அக்கா

எங்கள் அப்பா இறந்தது 1991-ல். எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினான்கு. அக்கா எட்டாவதோடு நின்று தீப்பெட்டிக்குள் குச்சி அடைக்கப் போனாள். கல்யாணத்துக்குப் பிறகு பட்டாசு ஆலை வேலை. விடிவதற்கு முன்னால் வேன் வந்து ஏற்றிக் கொண்டு போகும். சாயங்காலம் வரும்போது கை முழங்கை வரை வெள்ளிப் பவுடர் மின்னும். சோப்பு போட்டாலும் முழுசாகப் போகாது. கேமில் சக்தி ஏறிய ஹீரோவின் கை ஒளிருமே, அதைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் ஞாபகத்துக்கு வரும்.

அவள் சம்பாத்தியத்தில் நான் பிளஸ் டூ முடித்தேன், சிவகாசியில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தேன். பிரஸ்ஸில் வேலை கிடைத்தது, வீட்டுக்கு ஓடு மாற்றிக் காரை போட்டோம். ஊரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? “தகப்பன் இல்லாத குடும்பத்தை அந்தப் பய தூக்கி நிறுத்திட்டான்.” என் கல்யாணத்தில் வாழ்த்திப் பேசியவர்கள் இதையே மைக்கில் சொன்னார்கள். அக்கா பந்தியில் பரிமாறிக் கொண்டிருந்தாள். நான் மேடையில் கை கூப்பிக் கொண்டு நின்றேன். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக் கதையில் பதினைந்து வருட லெவல்களை ஆடியவள் அக்கா. கடைசி அடி என் பெயரில் பதிவானது.

ஆகவே என் மகளே, நீ சொல்வது போல முதல் பாகம் முழுக்க அக்கா ஓடிக் களைத்து, கடைசியில் தம்பி வந்து ஒரு வெட்டு வெட்டினால், அது அக்காவுக்கு ஓய்வு கொடுத்ததாக ஆகாது. பெயரை எடுத்துக் கொண்டதாகத்தான் ஆகும். வேலையைப் பங்கு போடு என்று நீ கேட்பது நூறு சதவீதம் நியாயம். அந்தப் பங்கை முதல் லெவலில் இருந்தே கேட்க வேண்டும், கடைசி நிமிடத்தில் அல்ல.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளைகள் இருவரும் அத்தையைப் பஞ்சாயத்துக்கு இழுத்தார்கள். கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டு விட்டுச் சொன்னாள், “யாரு அடிச்சா என்னத்தா? அந்தப் புள்ளைக ரெண்டும் வீடு வந்து சேர்ந்துச்சா இல்லையா, அதச் சொல்லுங்க.”

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2021 பிப்ரவரி 12-ம் தேதி எங்கள் பகுதியில் உள்ள அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்று அக்காவின் போன் இரண்டு மணி நேரம் கிடைக்கவில்லை. அவள் வேலை பார்த்தது வேறு இடம், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் யார் ஹீரோ என்பதெல்லாம் யாருக்கும் தோன்றாது. வேன் திரும்பி வருகிறதா என்று ரோட்டையே பார்த்துக் கொண்டு நிற்கத்தான் தோன்றும்.

அக்கா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் இந்த விஷயத்தில் அவளோடும் எனக்கு உடன்பாடு இல்லை. யார் அடித்தால் என்ன என்று சொல்லிச் சொல்லியே அவள் வாழ்க்கை ஓடி விட்டது.

எனவே புனே நண்பர்களுக்கு ஒரு வெம்பக்கோட்டை வாசகனின் விண்ணப்பம். வில்லன் மகாபலாசுரனோ வேறு எவனோ, கடைசி அடி ராஜியுடையதாக இருக்கட்டும். ஆனால் தம்பியை வேடிக்கை பார்க்க விடாதீர்கள். அசுரன் வாங்கிய வரம் என்ன, அதில் ஓட்டை எங்கே என்பதைக் கண்டுபிடிப்பது அவன் வேலையாக இருக்கட்டும். அவன் கோட்டைக்குள் இருந்தவன், அவனுக்குத்தான் உள்விவரம் தெரியும். அவனாக ஆடும்போது நாமும் துப்புத் துலக்கித் துலக்கி அந்த வாசற்படியை, அந்த அந்தி நேரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். தம்பி ஓட்டையைக் காட்டாமல் அக்கா அடிக்க முடியாது என்று ஆக்குங்கள். அப்போது இருவரும் ஆடியதாக ஆகும்.

இரண்டு கெஞ்சல்கள். கடைசி நேரத்தில் துர்க்கையோ விஷ்ணுவோ நேரில் இறங்கி வேலையை முடித்து விடக் கூடாது. கதை சொல்வதோடு அவர்கள் நிற்கட்டும். சாமி வந்து முடிக்கிற வேலைக்கு நான் ஏன் ராத்திரி முழுக்கக் கண்ட்ரோலரை அழுத்த வேண்டும்? அடுத்தது, கடைசி அடியை வீடியோவாக ஓட விட்டு எங்களைக் கை கட்டி உட்கார வைக்காதீர்கள். இப்போது வரும் கேம்களில் இது பெரிய தொல்லை. முக்கால் மணி நேரம் வில்லனோடு மல்லுக்கட்டி அவன் உயிர்க்கோட்டைத் தரைமட்டமாக்குவோம். சரியாக அந்த நேரம் கம்ப்யூட்டர் நம் கையில் இருந்து பிடுங்கிக் கொள்ளும். ஸ்லோமோஷனில் ஹீரோ பறப்பார், வெட்டுவார், பாட்டு வரும். நாம் டீ குடித்துக் கொண்டு பார்க்கலாம். அந்தப் பட்டனை நான்தான் அழுத்த வேண்டும் என்பதற்காகத்தானே சினிமாவுக்குப் போகாமல் கேம் வாங்கினேன்?

வில்லன் செத்துத்தான் ஆக வேண்டுமா என்று ஒரு கேள்வியும் உண்டு. திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாமரமாக நின்ற சூரபத்மனை வேல் பிளக்கிறது, ஒரு பாதி மயிலாகவும் ஒரு பாதி சேவலாகவும் ஆகி முருகனிடமே இருந்து விடுகின்றன. இதைப் பற்றித் தனியாகவே ஒரு மாதம் எழுதலாம்.

எங்கள் ஊரை ஒட்டிய மேட்டில் 2022-ல் இருந்து தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியதில் சங்கு வளையல்களோடு சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்தன. பிள்ளைகளைக் கூட்டிக் கொண்டு போய்க் காட்டினேன். “இதுல யாரு ஜெயிச்சாங்கன்னு எழுதி வைக்கலையாப்பா?” என்று மகன் கேட்டான்.

மகள் இன்னும் முழுதாக ஒத்துக் கொள்ளவில்லை. கடைசி அடி ராஜிக்கு என்பதற்குச் சம்மதம், ஆனால் அதற்கு ஈடாகத் தம்பி வாரம் நான்கு நாள் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்கிறாள். இரண்டு நாளில் பேரம் நிற்கிறது.

அன்று சாயங்காலம் கிளம்பும் முன்னால் அக்கா கையில் கண்ட்ரோலரைக் கொடுத்து முதல் பாகத்தைப் போட்டு விட்டேன். இந்தக் குச்சி நடக்க, இந்தப் பட்டன் குதிக்க, இது அடிக்க என்று மகன் சொல்லிக் கொடுத்தான். ராஜி மூன்று தடவை விளிம்பில் இருந்து கீழே விழுந்தாள். நாலாவது தடவை தாண்டினாள். ஒரு சின்ன அசுரன் எதிரே வந்தான். அக்கா எல்லாப் பட்டன்களையும் ஒரேயடியாக அழுத்த, அவன் சுருண்டு விழுந்தான்.

“செத்துட்டானா?” என்று கேட்டாள்.

“செத்துட்டான் அத்தை, நீங்கதான் அடிச்சீங்க” என்றான் மகன்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகி விட்டது. “இருப்பா, இன்னொருத்தன் வாரான்” என்றாள் அக்கா.